உன் கப்பல் திரும்பின பிறகு

கண்ணு,

அம்மா எழுதறேன். இங்கே நானும் அப்பாவும் நல்லா இருக்கோம். இந்த வரியை நீ நம்பமாட்டே, ஏன்னா போன்ல நீயும் இதையேதான் சொல்றே, நானும் அதை நம்பறதில்லை. அதனால விவரமா எழுதிடறேன். அப்பாவுக்குக் காலைல எழுந்ததும் முழங்கால் கொஞ்சம் பிடிக்குது, நாலு நடை நடந்தா விட்டுடுது. எனக்கு இடது கடைவாய்ப்பல் ஒண்ணைப் பிடுங்கியாச்சு, மாடி வீட்டு டீச்சர் சொன்ன டாக்டர்தான், நல்ல கை, வலியே தெரியலை, இப்ப நாக்குதான் சும்மா இருக்காம அந்த ஓட்டையைத் தேடிக்கிட்டே இருக்கு. மத்தபடி வீடு, வாசல், சுவர், தண்ணிக் குழாய் எல்லாம் அதது இருந்த இடத்துலயே இருக்கு. நீயும் அந்தக் கடலுக்கு நடுவுல வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணை மூடித் தூங்கி, உடம்புலயும் மனசுலயும் பாரம் இல்லாம இருக்கணும். உடம்பை நீயே பார்த்துக்குவே. மனசைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

இதைக் கொண்டுவர்றவர் நம்ம தெருக்கோடி எலக்ட்ரீசியன். நீ சொல்லித்தானே அந்த ஏஜென்ட்கிட்டப் பதிஞ்சு வச்சார், இப்ப உன் கப்பலுக்கே ஆள் மாத்த அனுப்பறாங்களாம். அவர்கிட்ட ரெண்டு பருத்திச் சட்டை, கம்பளிக் காலுறை, நீ கேட்ட தலை எண்ணெய் எல்லாம் கொடுத்திருக்கேன். எண்ணெய் இருக்கிறது நம்ம கண்ணாடி ஃபாக்டரி பாட்டில்ல, நானே வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து எடுத்தது, ஒரு குமிழி கிடையாது. போன் இருக்கறப்போ எதுக்குக் கடுதாசின்னு நினைப்பே. உன் போன் இப்ப ரொம்ப மோசமாயிடுச்சு. கருவியைச் சொல்லலை. முன்னெல்லாம் நீ கூப்பிட்டா எங்க ரெண்டு பேரையும் பேசவே விடமாட்டே, எந்தத் துறைமுகத்துல என்ன சாப்பிட்டே, எந்த வால்வு எப்படி மக்கர் பண்ணுச்சுன்னு அப்பாவுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பே. இப்ப கொஞ்ச நாளா ம், சரிம்மா, சிக்னல் போகுதும்மா, அவ்வளவுதான். சிக்னல் எங்கேயும் போகலை, நீதான் போயிடறே. போன வாரம் எலக்ட்ரீசியன் வாய் தவறிச் சொல்லிட்டார், நீ வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கறியாம், சொந்த ஊர் அடுப்பை அணைச்சுட்டு வாங்கற சம்பளம் எதுக்குன்னு அவர்கிட்டக் கேட்டியாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. உன்கிட்ட யார் யார் என்னென்ன சொன்னாங்களோ தெரியாது. பாதி சொன்ன சேதி மீதியைத் தானே கற்பனை பண்ணிக்கும். அதனால நடந்ததை நடந்தபடி எழுதறேன். அப்பா எழுதாதேன்னார். அவருக்கு யாரையாவது காப்பாத்தணும்னா வாயை மூடிக்கிறது ஒண்ணுதான் வழி. எனக்கு அது முடியாதுன்னு உனக்கே தெரியும்.

நீ எட்டாவது படிக்கறப்போ நம்ம ஊருக்குக் காஸ் குழாய் வந்துச்சே, அதுல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னே ஃபாக்டரி உலை ரெண்டும் எண்ணெய்ல எரிஞ்சுது. கொடியில போட்ட வெள்ளைத் துணி எடுக்கறப்போ சாம்பல் நிறமா இருக்கும். அப்பா படுத்தா இருமுவார், நீ தலையணையால காதைப் பொத்திக்குவே. குழாய் வந்த பிறகு உலையில நீலமா ஒரு நெருப்பு, புகை கிடையாது, நாத்தம் கிடையாது. இருமல் எப்ப நின்னுச்சுன்னே தெரியலை, ஒருநாள் வீடு என்ன இவ்வளவு அமைதியா இருக்குன்னு பார்த்தா அப்பா தூங்கறார். எண்ணெயை விட மலிவு வேற. அந்தத் தைரியத்துல முதலாளி பெரிய உலையை இன்னும் பெரிசாக்கினார், மருந்து பாட்டில் சாஸ் பாட்டில்னு வெளிநாட்டுக்கெல்லாம் போச்சு, பாட்டில் சோதிக்கிற பிரிவுல என்னையும் நிரந்தரமாக்கினாங்க. பேக்கரிக்காரர் ரெண்டாவது அடுப்பு வச்சார், ஆட்டோக்காரங்க எல்லாம் காஸுக்கு மாறினாங்க. உன் படிப்புகூட ஒரு வகையில அந்தக் குழாய் வழியா வந்ததுதான். பழைய எண்ணெய்த் தொட்டி, பர்னர் எல்லாத்தையும் வெட்டி இரும்புக் கடைக்குப் போட்ட அன்னிக்கு ஃபாக்டரியில எல்லாருக்கும் கேக் கொடுத்தாங்க, இனிமே இந்தச் சனியன் எதுக்குன்னு. இத்தனை அடுப்பும் ஒரே குழாயை நம்பி எரியுதேன்னு ஒருத்தருக்கும் தோணலை. தோணாததைத் தப்புன்னும் நான் சொல்லமாட்டேன். தினமும் நேரத்துக்கு வர்ற பஸ்ஸை யாராவது சந்தேகப்படுவாங்களா.

முதல்ல வந்தது நம்ம மண்ணுக்கு அடியில இருந்த காஸ். ஊரெல்லாம் அடுப்பு வச்ச பிறகு அது பத்தலை. துறைமுகத்துல பெரிய பெரிய தொட்டி கட்டிக் கப்பல்ல வரவழைச்சாங்க. அப்புறம் நீயே அந்தக் கப்பல்ல எஞ்சினீயரா ஏறினே. காஸை ஐஸை விடப் பல மடங்கு குளிர வச்சா அது தண்ணியா சுருங்கிடும், வழியில ஆவியாகிற கொஞ்சத்தை எஞ்சினே எரிச்சுக்கிட்டு ஓடும்னு நீ எனக்கு டம்ளரும் தட்டும் வச்சு விளக்கினே. பால்காரன் வர்ற வழியிலயே கொஞ்சம் குடிச்சுக்கிட்டு வர்ற மாதிரியான்னு நான் கேட்டேன், நீ சிரிச்ச சிரிப்புல மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து என்னன்னு கேட்டாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாச்சு.

பிறகு எங்கேயோ ரெண்டு நாட்டுக்குச் சண்டை வந்துச்சு. நமக்கும் அவங்களுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, வரைபடத்துல எங்கே இருக்குன்னு டீச்சரைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். சண்டையில ஒருத்தன் தன் நாட்டுல இருந்து வெளியே போற காஸ் குழாயை மூடிட்டான். அந்தக் குழாயை நம்பி இருந்த பணக்கார நாடுகள் எல்லாம் குளிர்காலம் வருதேன்னு பதறிக்கிட்டுக் கடல்பக்கம் ஓடி வந்தாங்க, எந்தக் கப்பல்ல காஸ் இருந்தாலும் என்ன விலைன்னாலும் சரின்னு. நாம பையைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னோம், அவங்க கார்ல வந்து கடையையே வாங்கிட்டுப் போனாங்க. இதெல்லாம் எனக்குச் சொன்னது நம்ம ரேடியோதான். உனக்குத்தான் தெரியுமே, அப்பாவோட கூட்டாளி, ஃபாக்டரி மெக்கானிக், காதுல எப்பவும் செய்தி ஓடிக்கிட்டே இருக்கும், அதனாலதானே அந்தப் பேர். ஊர் ரெண்டு பட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவோமே அண்ணி, உலகம் ரெண்டு பட்டா காஸ் வியாபாரிக்குக் கொண்டாட்டம்னு சொன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார். அவர் வீட்டுக்காரம்மா நடத்துற சலவைக்கடை பாய்லரும் காஸ்தான், அது மூடற நிலைமைக்கு வந்த பிறகு அவர் சிரிக்கறதை விட்டுட்டார். ரொட்டி விலை ஏறிச்சு. ஆட்டோக்காரங்க காஸ் பங்க்குல வரிசையிலயே தூங்கி எழுந்தாங்க. டீச்சரோட அண்ணன் வயல் வச்சிருக்காரே, அவருக்கு உரம் கிடைக்கலை. உரத்துக்கும் காஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன், உரமே அதுல இருந்துதான் செய்யறாங்களாம். பார் கண்ணு, இத்தனை வருஷமா நாம சாப்பிடற சோத்துக்குள்ளயும் அது இருந்திருக்கு, நமக்குத் தெரியலை.

ஃபாக்டரிக்கு வர்ற காஸைக் குறைச்சாங்க, பிறகு இன்னும் குறைச்சாங்க. அந்த நேரத்துலதான் அடுத்து வரவேண்டிய கப்பல் உன்னோடதுன்னு தெரிஞ்சுது. நீ சொல்லலை, நீ எப்பவும் சொல்றதில்லை. ரேடியோ தன்னோட போன்ல கப்பல் எல்லாம் எங்கே போகுதுன்னு காட்டற ஒண்ணை வச்சிருக்கார், அதுல உன் கப்பல் பேரைப் பார்த்துட்டு கேன்டீன்ல எல்லார்கிட்டயும் காட்டினார். நீலத்துல ஒரு சின்ன அம்புக்குறி, அதோட மூக்கு நம்ம ஊரைப் பார்த்து இருந்துச்சு. இந்தக் கப்பல் வந்துட்டா குளிர்காலம் முடியற வரைக்கும் உலைக்குக் கவலை இல்லைன்னு மேனேஜரம்மா சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு அன்னியிலிருந்து கால் தரையில படலை. யாரும் கேக்காமலே சொல்லுவார், என் பொண்ணுதான் எஞ்சினைப் பார்த்துக்கறா, நேரத்துக்கு வந்துடும்னு. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, அண்ணன் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லைன்னார். நானும் பார்த்ததில்லை.

அப்புறம் நடந்தது உனக்கும் தெரியும், ஆனா உன் பக்கத்துல இருந்து. நீ எஞ்சின் அறையில இருந்தே, மேலே சாப்பிட வந்தப்போ ஜன்னல் வெயில் மறுபக்கத்துல விழுந்திருந்ததைப் பார்த்துத்தான் கப்பல் திரும்பினதே தெரிஞ்சுதுன்னு சொன்னே. எங்க பக்கத்துல நடந்தது இது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ரேடியோ போனைப் பார்த்துக்கிட்டே இருந்தவர் எழுந்து நின்னுட்டார். அம்புக்குறி நடுக்கடல்ல நின்னு, கொஞ்ச நேரம் அங்கேயே சுத்தி, மூக்கைத் திருப்பிக்கிட்டுப் போகுது. நமக்கு விக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருந்த கம்பெனி, வேற ஒருத்தன் ரெண்டு மடங்கு தர்றான்னதும் கொடுத்த வாக்கைத் தூக்கிப் போட்டுடுச்சு. வாக்கு தவறினா அவங்க நமக்கு அபராதம் கட்டணுமாம். அபராதத்தைக் கட்டியும் அவங்களுக்கு லாபம்தானாம். அதெல்லாம் பிறகு தெரிஞ்சுது. அந்த நிமிஷத்துல யாருக்கும் எதுவும் தெரியலை, கேன்டீன்ல தட்டுச் சத்தம்கூட இல்லை. ரேடியோ அப்பாவைப் பார்த்துச் சொன்னார், "உங்க பொண்ணு நம்ம இலையில இருந்த சோத்தை வேற பந்திக்குக் கொண்டு போயிட்டா."

நான் பெண்கள் மேஜையில இருந்தேன். எழுந்து போய் நாலு வார்த்தை கேக்கலாம்னு பார்த்தேன். அப்பா கையில இருந்த ரொட்டியை முழுசா சாப்பிட்டு முடிச்சார். டிபன் பாக்ஸைக் கழுவி, துடைச்சு, மூடினார். பிறகு ரேடியோ முன்னால வந்து நின்னு, கத்தாம, வீட்டுல பேசற குரல்ல சொன்னார். "அவ எஞ்சினைப் பார்த்துக்கறா. கப்பல் எங்கே போகணும்னு சொல்றவன் கடலைப் பார்த்ததே கிடையாது." அவ்வளவுதான், உலைக்குப் போயிட்டார். கண்ணு, உன்கிட்ட யாராவது அப்பா தலைகுனிஞ்சு நின்னார்னு சொல்லியிருந்தா அது பொய். அவர் நிமிர்ந்துதான் நடந்து போனார். நான் பார்த்தேன்.

ஆனா எல்லாரும் அப்பா மாதிரி இல்லை, அதையும் மறைக்கமாட்டேன். அந்த வாரம் சில பேர் என்னைப் பார்த்தா வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பேக்கரிக்காரர் சில்லறையைக் கையில கொடுக்காம மேஜை மேல வச்சார். அவங்க மேல எனக்குக் கோபம் வந்துச்சு, இப்ப இல்லை. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு இடம் வேணும், அந்தக் கம்பெனியோட வாசல் எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும், நம்ம வீட்டு வாசல் எல்லாருக்கும் தெரியும்.

பிறகு காஸ் சுத்தமா நின்னுச்சு. வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான்னு உத்தரவு. அது நியாயம்தான். ஆனா உலை அடுப்பு மாதிரி இல்லையே, அணைச்சுட்டு அப்புறம் பத்த வைக்க. உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழம்பு ஆறி இறுகிட்டா செங்கல்லோட சேர்ந்து பிளந்துடும், புதுசாத்தான் கட்டணும், இந்தக் காலத்துல எந்த முதலாளி கட்டுவார். உலை போனா ஃபாக்டரி போச்சு, ஃபாக்டரி போனா ஊர்ல பாதி. பாட்டில் செய்ய வேண்டாம், குழம்பு உறையாம சூட்டை மட்டும் பிடிச்சு வைக்கலாம், அதுக்குப் பழையபடி எண்ணெய் எரிக்கிற பர்னர் வேணும். நம்மதைத்தான் கேக் சாப்பிட்டு வித்துட்டோமே. மேனேஜரம்மா முதலாளிகிட்டப் போன்ல அழாத குறையாப் பேசி ரெண்டு நாள் அவகாசம் வாங்கினாங்க, கடைசியா இருந்த காஸைச் சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டு எல்லாரும் பர்னர் தேடினாங்க.

மறுநாள் காலைல நான் வாசல் பெருக்கிக்கிட்டு இருக்கேன், ரேடியோ வந்து நிக்கறார். உள்ளே வரலை. உட்காரச் சொன்னேன், உட்காரலை. அப்பா வெளியே வந்தார். ஆத்துக்கு அந்தப் பக்கம் மூடிக் கிடக்குற, கூரை ஓடு செய்யற ஃபாக்டரியில பழைய எண்ணெய் பர்னர் இருக்கு, சாவிக்காரரைப் பிடிச்சுட்டேன், லாரிக்கும் சொல்லிட்டேன், நீங்க பார்த்தாதான் எது உதவும்னு தெரியும், வர்றீங்களான்னு கேட்டார். அந்தப் பந்திப் பேச்சைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவும் கேக்கலை, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். நான்தான் விடலை, ரெண்டு பேருக்கும் ரொட்டியும் முட்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பொட்டலத்தை வாங்கறப்போ ரேடியோ என் முகத்தைப் பார்க்கலை, ஆனா ரெண்டு கையாலயும் வாங்கினார்.

சாயங்காலம் திரும்பி வந்தாங்க, ரெண்டு பேரும் தலையில இருந்து கால் வரைக்கும் கரி, முறைச்சுக்கிட்டுத் திரிஞ்ச பூனை ரெண்டும் ஒரே அடுப்புக்குள்ள விழுந்து எழுந்த மாதிரி. பர்னர் கிடைச்சுது, ஆனா பாதி துரு. ஒரு உலைக்குத்தான் போதும். பெரிய உலையா சின்ன உலையான்னு மேனேஜரம்மா கேட்டாங்க, கேட்டுட்டு அவங்களே அப்பா முகத்தைப் பார்க்க முடியாமத் திரும்பிக்கிட்டாங்களாம். பெரிய உலை அப்பாவோடதுன்னு எல்லாருக்கும் தெரியும். உன்னைத் தூக்கிக் கொஞ்சினதை விட அதுக்கு முன்னால நின்ன நேரம் அதிகம்னு நானே சண்டை போட்டிருக்கேன். சின்னதுக்குச் செங்கல் புதுசு, எண்ணெயும் கம்மியாப் பிடிக்கும், அதையே காப்பாத்துவோம்னு அப்பாதான் சொன்னார். இதை என்கிட்டச் சொன்னது ரேடியோ. அப்பா வீட்டுக்கு வந்து குளிச்சு, சோறு சாப்பிட்டு, உப்பு கொஞ்சம் கம்மின்னு மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் பகல்ல பெரிய உலையைக் காலி பண்ணினாங்க. எங்க பிரிவுப் பெண்கள் எல்லாரும் எழுந்து வந்துட்டோம், யாரும் தடுக்கலை. அடியில துளை போட்டு விட்டா குழம்பு வழிஞ்சு கீழே தண்ணித் தொட்டியில விழணும். துளைக்கிற கம்பியை அப்பாவே வாங்கிக்கிட்டார். முதல்ல ஒண்ணும் வரலை, பிறகு தேன் மாதிரி, ஆனா தேனுக்கு அந்த வெளிச்சம் ஏது, ஆரஞ்சா ஒரு கயிறு மாதிரி இறங்கிச்சு. தண்ணியில பட்டதும் ஆவி எழும்பிக் கூரையை மறைச்சுடுச்சு, சத்தம் காதை அடைச்சுது. உள்ளே விழுந்தது எல்லாம் சுக்கல் சுக்கலா நொறுங்குது. ஒவ்வொரு பாட்டிலா வெளிச்சத்துல பிடிச்சு இது ஆகும் இது ஆகாதுன்னு பார்த்தவ நான், இத்தனை வருஷத்துல இவ்வளவு அழகா ஒண்ணை நான் அந்த ஃபாக்டரியில பார்த்ததில்லை, அது சாகறப்போ பார்த்தேன். அப்பா கடைசிச் சொட்டு வரைக்கும் நகரலை. அதுக்கு அப்புறம் செங்கல் ஆற ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, உள்ளே டக், டக்னு விரிசல் விடற சத்தம் கேக்கும். வேலை முடிஞ்சும் வீட்டுக்கு வராம அது பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்களுக்குத் துணை இருப்போமே, அப்படி. நான் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போவேன். ஒருநாள் என் கையைப் பிடிச்சு அந்தச் சுவர்ல வச்சு, இன்னும் சூடு இருக்கு பாருன்னார். இருந்துச்சு. அவர் கையும் சூடாத்தான் இருந்துச்சு.

சின்ன உலை பிழைச்சுடுச்சு. அதைத்தான் உனக்கு யாரும் சரியாச் சொல்லலைன்னு நினைக்கறேன். ஃபாக்டரி மூடலை, எண்ணெய்லயே சூட்டைக் கூட்டி மறுபடியும் பாட்டில் போடறாங்க, பாதி ஓடுது. பாதிப் பேருக்கு வேலை போச்சு, அதுல நானும் ஒருத்தி. பதறாதே. மார்க்கெட்ல மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கே, அங்கே லென்ஸ் சோதிக்க ஆள் வேணும்னாங்க, எடுத்ததும் ஒரு கீறலைக் காட்டினேன், கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுப் பார்த்தார், அப்பவும் அவருக்குத் தெரியலை, நாளையிலிருந்து வாங்கன்னுட்டார். ஒரு கண்ணாடி கைவிட்டாலும் இன்னொரு கண்ணாடி கைகொடுத்துச்சு. உட்கார்ந்து பார்க்கிற வேலை, மின்விசிறிக்குக் கீழே. எல்லாருக்கும் இப்படி அமையலை. என்கூட இருந்த மூணு பேர் வேற ஊருக்குப் போயிட்டாங்க. சலவைக்கடை மூடினது மூடினதுதான், ரேடியோ வீட்டுக்காரம்மா இப்ப வீட்டுலயே இஸ்திரி போடறாங்க. உலை எண்ணெய்ல எரியறதால கொடியில மறுபடியும் கரிப்பொட்டு விழுது, அப்பாவுக்கும் எப்பவாவது இருமல் வருது, ரெண்டு இருமல்தான், முன்னே மாதிரி இல்லை, நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்.

இப்ப அரசாங்கம் வேற ஒரு நாட்டோட நீண்ட கால ஒப்பந்தம் போட்டிருக்கு, கோடைக்குள்ள ஃபாக்டரிக்கும் காஸ் வந்துடும்னு பேச்சு. காஸ் கொடுக்கறவன் சும்மா கொடுப்பானா, நாளைக்கு அவன் சண்டைக்குப் போனா நாம வாயைத் திறக்கக்கூடாது, அதுவும் விலையில சேர்த்திதான்னு ரேடியோ சொல்றார். முதலாளி மின்சார உலை வைக்கலாமான்னு யோசிக்கறாராம். அந்த மின்சாரமும் பாதி காஸ்லதான் வருதுன்னு அப்பா சொன்னதும் மேனேஜரம்மா சிரிச்சுட்டாங்களாம், சிரிச்சுட்டு, பாதிதானே, மீதி வெயில்ல இருந்து வருது, வெயிலை யாரும் நடுக்கடல்ல திருப்பிக்கிட்டுப் போக முடியாதுன்னு சொன்னாங்களாம். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிச்சுப்போச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை சொன்னார்.

இப்ப உன் விஷயம். கப்பல் திரும்பிப் போய்ச் சேர்ந்த துறைமுகத்துல இருந்து நீ ஒரு படம் அனுப்பியிருந்தியே, கப்பல் மேல்தளம் பூரா பனி, நீ மூக்கு மட்டும் தெரியற மாதிரி போர்த்திக்கிட்டு நிக்கறே. அதுக்கு அப்புறம் நீ படமே அனுப்பலை. அந்தப் படத்துல உனக்குப் பின்னால தூரத்துல மாடி மாடியா வீடு தெரியுது, ஜன்னல்ல எல்லாம் விளக்கு. நான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்திருக்கேன், பாட்டில் பார்க்கிற மாதிரி. அந்த ஜன்னல்ல ஏதோ ஒண்ணுக்குள்ள என் வயசுல ஒருத்தி கால் விறைக்காம உட்கார்ந்திருப்பா, நீ கொண்டுபோன காஸ்லதான் அந்த ரூம் சூடாகியிருக்கும். அவளுக்கு நம்ம உலை தெரியாது. அவ நம்மகிட்ட எதையும் பிடுங்கலை. அவளையும் என்னையும் ஒரே தராசோட ரெண்டு தட்டுல உட்கார வச்சது வேற யாரோ. முதல்ல எனக்கு அவ மேல பொறாமையா இருந்துச்சு, உண்மையைச் சொல்லிடறேன். இப்ப இல்லை. என் பொண்ணு கொண்டுபோன சூடு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு நினைச்சுக்கறேன், நம்ம வீட்டுக்குச் சேரலைங்கிறது என் வருத்தம், உன் குத்தம் இல்லை.

வேலையை விடறதும் விடாததும் உன் இஷ்டம். கடல் சலிச்சுப்போச்சா, முதுகு வலிக்குதா, கரையில ஒரு வேலை பார்க்கணும்னு இருக்கா, உடனே வந்துடு, உன் ரூம்ல தையல் மிஷினை மட்டும் நகர்த்தணும், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா எங்களுக்குப் பிராயச்சித்தம் பண்றதா நினைச்சு விட்டுட்டு வந்தே, நான் கதவைத் திறப்பேன், சோறும் போடுவேன், பேசமாட்டேன். நீ விலகிட்டா அந்த எஞ்சினை வேற ஒரு வீட்டுப் பிள்ளை பார்த்துக்கும், கப்பல் அப்பவும் காசு இருக்கிற பக்கம்தான் திரும்பும். சொல்லப்போனா இவ்வளவு தூரம் கலங்கிப் போற ஒருத்தி அந்தக் கப்பல்ல இருக்கிறது நல்லதுன்னுதான் எனக்குத் தோணுது. நாளைக்கு நீ பெரிய இடத்துக்கு வந்து கரையில உட்கார்ந்து கப்பல் எங்கே போகணும்னு சொல்ற ஆளா ஆனாலும், அம்புக்குறியோட மூக்கு திரும்பறப்போ ஒரு கேன்டீன்ல தட்டுச் சத்தம் நின்னுபோகும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த இடத்துல இருக்கிற எத்தனை பேருக்கு அது தெரியும்.

ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுல இருப்பார், அன்னிக்கு மறக்காமக் கூப்பிடு. பெரிய உலையைப் பத்திக் கேளு. அவர் இதுவரை யார்கிட்டயும் அதைப் பத்திப் பேசலை, என்கிட்டக்கூட. நீ கேட்டா பேசுவார், மிஷின் பாஷை உங்க ரெண்டு பேருக்கும்தானே புரியும். எப்படித் துளை போட்டீங்க, எத்தனை சூடு இருந்துச்சுன்னு எஞ்சினீயர் மாதிரி கேளு, பொண்ணு மாதிரி கேக்காதே. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டுப் போகட்டும், நடுவுல குரல் நின்னா நீயும் கொஞ்சம் சும்மா இரு, போனை வச்சுடாதே. மன்னிப்பு மட்டும் கேட்டுடாதே கண்ணு. தப்புப் பண்ணிட்டதா நீ நினைக்கறது தெரிஞ்சா அதுதான் அவருக்குத் தாங்காது.

கம்பளிக் காலுறையைப் பெட்டியில பூட்டி வைக்காம போட்டுக்கோ. எண்ணெயை வாரத்துல ரெண்டு நாளாவது தேய். எலக்ட்ரீசியனுக்குக் கடல் புதுசு, முதல் வாரம் வாந்தி எடுப்பார், பார்த்துக்கோ. நீ எந்தக் கரைக்குப் போனாலும் நல்லபடியா போய், நல்லபடியா இறங்கி, நூறு வயசு நிம்மதியா இருக்கணும். எங்க ரெண்டு பேரோட ஆயுசுலயும் உனக்கு ஒரு பங்கு உண்டு, எடுத்துக்கோ.

இப்படிக்கு,
எப்பவும் உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கிற
அம்மா

அப்பா இப்பதான் வந்து பின்னால நின்னுக்கிட்டு யாருக்கு எழுதறேன்னு கேட்டார். சொன்னேன். என்ன எழுதியிருக்கேன்னு கேக்கலை. எஞ்சின் ரூம்ல காதுக்கு அடைப்பு வச்சுக்கிறாளான்னு கேளு, இப்பத் தெரியாது, என் வயசுல தெரியும்னார். வச்சுக்கிறியா கண்ணு?